வரலாமா என்று கேட்கிறாய்

வரலாமா என்று கேட்கிறாய், எலோயிசா.
மெக்சிகோ நகரத்தைப் பற்றித்
தரகரிடம் கேட்காதே.
என்னையும் முழுதாக நம்பாதே:
வாடகை ஏறிய மாதம் ஒன்று சொல்வேன்,
ஜகரண்டா பூக்கும் மாதம் வேறு.

என் வீட்டுத் தரையில் கோலிக்குண்டை வைத்தால்
தானே சமையலறைக்குப் போகும்.
ஊர் அமிழ்கிறது, கட்டடம் சாய்கிறது,
நாங்கள் மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைக்கிறோம்.
தண்ணீர் லாரி வியாழன் வரும் என்பார்கள்.
எந்த வியாழன் என்று சொல்ல மாட்டார்கள்.

மெட்ரோவில் மூச்சுவிட இடமில்லை.
அதற்குள்ளும் ஒருத்தி நின்றபடி
கரண்டி விளிம்பில் இமை சுருட்டுகிறாள்,
எந்தக் குலுக்கலுக்கும் கை பிசகாமல்.
அவளைப் பார்க்கவாவது வா.

போன செப்டம்பர், நள்ளிரவில்
நிலநடுக்கச் சங்கு ஊதியது.
ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத
மூன்றாம் மாடி பெனிக்னோ
படிக்கட்டில் ஓடிய என் பூனையை
மார்போடு அணைத்துத் தெருவில் நின்றார்,
அரைக்கால் சட்டையோடு.
நடுங்கியது பூனை இல்லை.

மறுநாள் லிஃப்டில்
அவர் செல்பேசியைப் பார்த்தார்.
நானும்.

போய்விடலாம் என்று
இரண்டு முறை பெட்டியை இறக்கினேன்.
இப்போது அதில் பூனை தூங்குகிறது.

வருவதானால்
இரண்டு வாளி கொண்டு வா.
மூடியோடு.