ஒற்றைக் கோடு

கால்கயோவில் எட்டு வருஷம் பூகோளம் நடத்தியவன் நான்.
முதலில் பள்ளிக்கூடத்தின் கூரை போனது,
பிறகு சம்பளம்.
கைவசம் இங்கிலீஷ் மட்டும் மிச்சம்.
நாளுக்கு இவ்வளவு என்று அதற்கு விலை பேசி
படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

பிடிபட்டது சிமென்ட் ஏற்றிய கப்பல்.
கேப்டன் வெல்செவ், வர்னாக்காரர்,
ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை வியாதி.
பறித்த சாமான்களில் எது வேண்டும் என்று கேட்டபோது
மாத்திரைக்கு முன்னால் பேனாவைக் காட்டினார்.

நண்பகல்தோறும் எழுதினார்.
ஹோப்யோவுக்கு வடக்கே, கரையிலிருந்து மூன்று மைல்,
அதே அட்சரேகை, அதே தீர்க்கரேகை.
காற்று வடகிழக்கு. எண்ணெய் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு.
நகராத கப்பலுக்கு என்ன எழுத்து என்று
ஃபாரஹ் கேட்கச் சொன்னான். கேட்டேன்.
"நகரவில்லை என்பதை" என்றார்.

எங்களிடமும் ஒரு நோட்டு இருந்தது.
காத் இலை ஒரு கட்டு, சிகரெட், ஆட்டு விலையில் பங்கு,
செருப்பைக் கடலில் விட்டதற்கு அபராதம்.
கூலேத் என்ற பெயருக்கு நேரே
அவன் மீசையைவிட வேகமாகக் கடன் முளைத்தது.

சாட்டிலைட் போனில் கம்பெனிக் குரல்:
"கப்பல் பழசு.
இரும்புக்குப் போட்டாலும் நீங்கள் கேட்பதில் பாதி தேறாது.
கேப்டனுக்கும் ஓய்வு வயது."
கேப்டன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.
ஃபாரஹ் என் வாயைப் பார்த்தான்.
"யோசிக்கிறார்களாம்" என்றேன்.

அறுபத்து மூன்றாம் இரவு
கேப்டனின் அறைக்கதவு உள்ளிருந்து உதைபட்டது.
கரையில், மூடிக்கிடக்கும் மீன் தொழிற்சாலைக்கு இடப்பக்கம்
மசூதி விளக்கு தெரியும் அவருடைய ஜன்னலில்.
இப்போது வலப்பக்கம் தெரிகிறதாம்.
அடுத்து அவர் சொன்ன சொல் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.
"நங்கூரம் நடக்கிறது" என்றேன்.
காவல்காரர்கள் சிரித்தார்கள்,
இரும்புக்கு ஏதடா கால் என்று.
கூலேத் சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு
பூட்டைத் திறந்தான்.

எஞ்சின் அறைக்கு ரொமுவால்டோ ஓடினார்.
பாறைத்திட்டுக்கு முன் எவ்வளவு மிச்சம் என்று
கேப்டன் சொல்லச் சொல்ல
அந்த எண்களை நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.
அந்த ஒரு இரவுதான் என் மொழிபெயர்ப்பு சுத்தம்.

மறுநாள் நண்பகல்.
"பூட்டைத் திறந்தவர் பெயர் என்ன?"
எழுத்துக்கூட்டிச் சொன்னேன். எழுதினார்.
கூலேத் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தான்.
நேரே எந்தத் தொகையும் இல்லாமல்
அவன் பெயர் சும்மா இருந்தது.
என் பெயரையும் கேட்டார்.
செத்துப்போன மைத்துனன் பெயரைக் கொடுத்தேன்.

நூற்றுப் பதினெட்டாம் நாள்
ஆரஞ்சு பாராசூட்டில் பணம் இறங்கியது.
நோட்டைப் பிரித்தார்கள். கடன் போக
கூலேத்துக்கு முப்பத்தோரு டாலர், ஒரு ஜோடிப் புதுச்செருப்பு.
யாரோ அவன் காதில் ஓதியிருக்கிறார்கள்:
புத்தகத்தில் இருக்கிற பெயரைத்தான்
கோர்ட்டில் கூப்பிடுவார்கள் என்று.
துப்பாக்கியோடு வந்தான்.
"கிழிக்கச் சொல்."

"பதிவேட்டில் பக்கம் கிழிப்பதில்லை" என்றார் கேப்டன்,
துப்பாக்கியைப் பார்த்தபடி,
ஏதோ வானிலை சொல்வதுபோல.
"அடித்துத் தரலாம். ஒற்றைக் கோடு.
கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.
பக்கத்தில் என் கையெழுத்து. அதுதான் முறை."
"அடித்துத் தருகிறாராம்" என்றேன்.

ஸ்கேல் வைத்து இழுத்தார்.
கோட்டுக்கு அடியில் ஒரு எழுத்தும் சாகவில்லை.
கூலேத் குனிந்து பார்த்தான்,
ஒரு நாளும் வகுப்பில் உட்காராத கண்ணால்.
"போயிற்றா?"

கேப்டன் நிமிரவில்லை.
கடிகாரம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டிருந்தார்.

"போயிற்று" என்றேன்.

கயிற்றேணியில் எனக்கு முன்னால் இறங்கினான்,
நனையக்கூடாதென்று
செருப்பைக் கடித்துக்கொண்டு.