சந்தாப் புத்தகம்

உட்துறைமுக வீதி மாடியில்
எங்கள் வேளாண் விஞ்ஞானக் கழகத்துக்கு
நாற்பத்தொரு கதிரை.
போன வருடாந்தக் கூட்டத்துக்கு வந்தது
ஆறு பேரும் ஒரு மழையும்.
தலைவர் 'கோரம்' என்றார்.
மின்விசிறி தலையாட்டியது.

சந்தாப் புத்தகத்தில்
ஒன்பது பேர் கனடா, நாலு பேர் காலஞ்சென்றோர்.
மீதிப்பேர் போன் எடுப்பதில்லை.

பங்குனியில், யாரையும் கேட்காமல்,
உப்புமானியைத் துவாயில் சுற்றிக்கொண்டு
கிண்ணியா பஸ் ஏறினேன்.

வரம்பில் நின்ற ஜெஸீமா
என் துண்டுப்பிரசுரத்தை வாங்கி
அதிலேயே ஒரு பிடி மண் பொதிந்து நீட்டினாள்.
"சேர்றது பொறகு.
இதுல எவ்வளவு உப்பு இரிக்கி, அதச் சொல்லுங்க."

போத்தல் தண்ணீரில் கரைத்தேன். முள் ஏறியது.
சொன்னேன்.
அவள் ஒன்றும் பேசவில்லை,
அடுத்த வயலைப் பார்த்துக் கைதட்டினாள்.

பின்னேரத்துக்குள் பதினேழு பொதி,
எல்லாம் எங்கள் 'நோக்கமும் பணியும்' அச்சிட்ட தாளில்.
ஒவ்வொன்றிலும் பெயர், வயல், ஒரு கேள்வி.
மூன்றுக்கு எனக்குப் பதில் தெரியாது.

விண்ணப்பப் படிவம் எங்கே என்றார் தலைவர்.
பொதிகளை மேசையில் வைத்தேன்.
ஒன்று அவிழ்ந்து
சந்தாப் புத்தகத்தில் கொட்டியது.

துடைக்கப்போன கை
பாதியில் நின்றது.
ஒரு சிட்டிகை எடுத்து
நாக்கில் வைத்துப் பார்த்தார்,
முப்பது வருடம் மண் படித்த மனிசன்.