சுவர் உச்சியில் மூன்று அங்குலம்

பால் லாரி பின்னால் வந்து இடித்த இடத்தை
கெத்தின் இரண்டே நாளில் அடுக்கிக் கொடுத்துவிட்டான்.
சாந்து கிடையாது. கல்மேல் கல்,
கல்லிடுக்கில் சின்னக் கல்.
உச்சியில் மூன்று அங்குலம் மண் பரப்பி
"இனி உன் பாடு" என்றான்,
நின்றபடியே தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

மூன்று அங்குலத்தில் என்ன வைப்பது?
பெம்ப்ரோக்‌ஷரின் இந்த மூலையில்
காற்று எதையும் முதலில் நக்கிப் பார்க்கும்.
நாக்கெல்லாம் உப்பு.

மின்கட்டண உறையின் முதுகில் பட்டியல் போட்டேன்.

ரோஜா. அது கேட்கும் ஆழம் இங்கே இல்லை.

லாவெண்டர். இரண்டு வருடத்தில்
பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கடல் மறையும்.
படகை விற்ற பிறகும் இத்வால்
காலை ஏழுக்கு அங்கே வந்து நிற்கிறார்.
அடித்தேன்.

செடம். அவர்களுடைய இரண்டு ஆடுகளுக்கும்
கழுத்து நீளம்.

தைம்.
இதற்கென்றே பிறந்த செடி: பட்டினி பழகியது,
கல்சூட்டில் மணக்கும், தொங்கி வழியும்.
ஆனால் தேனீ வரும்.
போன ஆகஸ்டில் ஒரே கொட்டுக்கு
மென்னாவின் உதடு வீங்கி, குரல் அடைத்து,
ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம்.
அவள் கையைப் பிடித்திருந்தது நான்தான்.
பேனா தாள் கிழிய அழுந்தியது.

இதெல்லாம் அவர்களிடமே கேட்டிருக்கலாம்.
சுவருக்கு யார் பணம் தருவது என்று
மார்ச்சில் பேச்சு வளர்ந்து
பேச்சு நின்றிருந்தது.

பெரணி வைக்கட்டுமா என்றதற்கு
நாற்றங்கால் ரோத்ரி சிரித்தான்:
தெற்கு வெயிலில் வாரத்தில் சருகு.

மிஞ்சியது நீலப்புல்.
உயராது, பூவென்று சொல்லப் பூக்காது,
ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும்.
யாருக்கும் தொந்தரவில்லாத செடி.
யாருக்கும் ஆசையும் இல்லாதது.
பன்னிரண்டு தொட்டி வாங்கினேன்.

சனிக்கிழமை
தொட்டிகளைச் சுமந்துகொண்டு போனால்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
முழங்கைவரை மஞ்சள் ரப்பர் உறை போட்ட ஒரு கை
மேலே வந்து
கல்லிடுக்கில் எதையோ திணிக்கிறது.
எதையோ என்ன,
வாசனை எனக்கு முன்பே தெரிந்தது.

"தைம்" என்றேன். நான்கு மாதத்தில் முதல் சொல்.

ஏணியில் இன்னொரு படி ஏறி
மென்னாவின் தலை வந்தது.
"ஊசி பையிலேயே இருக்கிறது.
தேனீக்குப் பயந்து இந்த ஊரில்
எத்தனை நாள் வீட்டுக்குள் இருப்பேன்?"
பிறகு என் தொட்டிகளைப் பார்த்தாள்.
"இதென்ன, சுவருக்குத் தாடியா?"

உறையை நீட்டினேன். கண்ணாடி இல்லாமல்
தள்ளிப் பிடித்து வாசித்தாள்.
லாவெண்டரில் நின்றாள்.

"கடலா? அவரா?
ஏழு மணிக்கு அங்கே நின்று பிஸ்கட் தின்கிறார்.
எனக்குத் தெரியாதாம்.
இரண்டு லாவெண்டர் வை. நன்றாக மறையட்டும்."

சொல்லிவிட்டு உறையைத் திருப்பினாள்,
உதட்டுக்குள் எண்ணினாள்,
"இதைக் கட்டவேண்டிய நாள்
செவ்வாயோடு போய்விட்டதே" என்றாள்.