ஏணியை உள்ளிழுத்துக்கொள்ளும் ஊர்

குத்தாயிசி பேருந்து நிலையத்தில்
மோதிரத்தை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினேன்.
இங்கே கல்யாணமானவர்களுக்கு வலது என்று
இரவு ரயிலில் ஒருத்தி சொல்லியிருந்தாள்.
பித்தளைதான். விலை மூன்று லாரி.
இந்த நாட்டில் லாரி என்பது பணம்,
பாரம் ஏற்றுவது அல்ல.
ஆனாலும் கனத்தது.

மர்ஷ்ருத்காவில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கை,
ஜன்னல் பக்கம், பை மடியில்,
வண்டி எண் உள்ளங்கையில்.
பணம் மூன்று இடங்களில்.
மூன்றாவது இடம் எதுவென்று
நடுவழியில் எனக்கே மறந்துபோனது.

மலை ஏற ஏற ஒவ்வொருவராக இறங்கினார்கள்.
கடைசியில் நான், ஓட்டுநர்,
ஒரு சாக்கு உருளைக்கிழங்கு.
உருளைக்கிழங்கின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

ஊர் முழுக்கக் கோபுரங்கள்,
சாமியில்லாத, பொம்மையில்லாத கல் கோபுரங்கள்.
தரையில் வாசல் கிடையாது;
இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பொந்து.
அந்தக் காலத்தில் பகையாளி வந்தால்
குடும்பமே ஏறிக்கொண்டு
ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம்.
அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.
பார்த்தவுடனே பிடித்துப்போன ஊர்.

அறை வாடகைக்கு விடுபவள் பெயர் நாஸிப்ரோலா.
ஐம்பது இருக்கும். ஒரு பல் தங்கம்.
மாவுக் கையோடு என்னைப் பார்த்தாள்,
எனக்குப் பின்னால் பார்த்தாள்,
அங்கிருந்து ஒருவரும் வராததால்
"க்மாரி?" என்றாள்.
எனக்குத் தெரிந்த பதினோரு சொற்களில்
அதுவும் ஒன்று. கணவர்.
மோதிரத்தைக் காட்டினேன்.
நாளை வருகிறார் என்றேன்.
பெயர்?

பெயர் வைக்க மறந்திருந்தேன்.
முற்றத்தில் ஒரு பன்றி குறுக்கே போயிற்று.
தாமோதரன், என்றேன்.
அவள் அதைத் தாமோ என்று சுருக்கி
அவருக்கும் சேர்த்து மாவு பிசைந்தாள்.

இறைச்சி பொதிந்த ரொட்டி, பூண்டு மணக்கும் உப்பு.
கைபேசி நடுவே கிடந்து மொழிபெயர்த்தது:
உங்கள் ஊர்ப் பசு எவ்வளவு பால் கறக்கும்?
தெரியாது, என்றேன்.
பசுவைப் பற்றித் தெரியாததைவிட
வேறு ஏதோ தெரிந்துவிட்ட மாதிரி
தலையாட்டினாள்.

இரவு, நாற்காலியைக் கதவின் கைப்பிடிக்கு
முட்டுக் கொடுத்தேன்.
அதன் மேல் பை. பையின் மேல் தம்ளர்,
யாராவது திறந்தால் விழுந்து ஊரைக் கூட்ட.
இதிலெல்லாம் எனக்கு நல்ல தேர்ச்சி.
விளக்கை அணைத்தேன்.

அப்போதுதான் கேட்டது,
சுவருக்கு அந்தப் பக்கம்
தாழ்ப்பாள் விழும் சத்தம்.
பிறகு கனமான எதுவோ
தரையைத் தேய்த்துக்கொண்டு
கதவுவரை இழுபடும் சத்தம்.

பதினாறு நாடுகள்.
எத்தனையோ கதவுகள்.
அவற்றின் அந்தப் பக்கத்துக்கு
நான்தான் அந்நியர் என்று
ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

எழுந்து தம்ளரைக் கீழே எடுத்து வைத்தேன்.
நாற்காலியை எடுக்கவில்லை.
அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

விடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில்
சாமான்களை நகர்த்தினோம்.
அவள் என் நாற்காலியைப் பார்த்தாள்.
நான் அவளுடைய தையல் மிஷினை.
யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.

அவள் தன் வலக்கை மோதிரத்தைத் தொட்டு
"போலந்து" என்றாள்.
எத்தனை வருடம் என்று விரல் விரித்தாள்,
பத்து போதவில்லை,
என் விரலொன்றைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டாள்.
பித்தளை இருந்த விரல்.

வண்டி வந்தது. வேறு ஓட்டுநர்.
நாஸிப்ரோலா முன்னால் போய் நின்று
நம்பர் பலகையைப் படம் எடுத்தாள்,
பிறகு ஜன்னலில் தலையை விட்டு நெடுநேரம் பேசினாள்.
எனக்குப் பிடிபட்டவை மூன்று:
தாமோ. க்மாரி. போலீஸ்.

ஒரே ராத்திரியில் பதவி உயர்வு.
பெயரே நேற்று மாலைதான் வைத்தேன்.

முன்னிருக்கை கிடைத்தது.
மடியில் துணி சுற்றிய சூடு, தாமோவின் பங்கு.
ஆற்றுப் பாலம் தாண்டியதும் பசித்தது.
பாதி பிட்டு ஓட்டுநரிடம் நீட்டினேன்.
வாங்க மிகவும் யோசித்தார், பாவம்,
அதிகாரி வீட்டு ரொட்டி.