கேட் மூடியிருக்கா

பக்கத்தின் நெற்றியில் என் பெயர்: ஜெனிட்டா.
அதற்குக் கீழே என்ன எழுதுவதென்று
மூன்று நாளாய்த் தெரியவில்லை.
'ஆர்வமுள்ள வெப் டெவலப்பர்' என்று
வகுப்பில் நாற்பத்தொரு பேர் எழுதியாயிற்று.

என் லேப்டாப்பில் அரைப்புள்ளி விசை செத்துவிட்டது.
ஒவ்வொரு வரி முடியும்போதும்
பழைய வரியிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டுகிறேன்,
பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை
கேட்டு வாங்குகிற மாதிரி.
இது திறன்கள் பட்டியலில் வருமா?

திறன்களுக்கு எல்லோரும் பட்டை வரைகிறார்கள்.
தொண்ணூறு சதவீதம், தொண்ணூற்றைந்து.
எதில் நூறு, யார் அளந்தது?
நான் எழுபது போட்டு
அப்புறம் அறுபத்தெட்டாக மாற்றினேன்.
அறுபத்தெட்டு நம்புகிற மாதிரி இருந்தது.

முதல் ப்ராஜெக்ட், கேரம் ஸ்கோர்.
தெருமுனை கிளப்பில் புள்ளி எண்ணும்போது வரும்
சண்டையை நிறுத்தச் செய்தது.
இப்போது சண்டை என்னோடு.
"ரெட்டுக்கு ஃபாலோ வுழல,
உன் ஆப்பு அஞ்சு குடுக்குது" என்று
ராத்திரி பத்தரைக்கு டில்லி வந்து கதவைத் தட்டினான்.
திருத்தும்வரை நகரவில்லை.
காலையில் பார்த்தால்
கதவெல்லாம் போரிக் பவுடர் விரல்கள்.

இரண்டாவது, அஸ்கரின் மாமா
பிரியாணிக் கடைக்கு மெனு.
கட்டம் கட்டமான அந்தக் குறியீட்டை
அண்டாவுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.
ஆவியில் சுருண்டு மதியமே விழுந்தது.
அரை பிளேட் விலையை
அவர் இன்னும் வாயால்தான் சொல்கிறார்.
என் ஸ்க்ரீன்ஷாட்டில் மட்டும் கடை பளபளக்கிறது.

மூன்றாவதைப் போடலாமா வேண்டாமா.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.
கூட்ஸ் வண்டி குறுக்கே வந்து நின்றுவிட்டால்
நாற்பது நிமிடம்.
முதல் செமஸ்டர் கணக்குப் பரீட்சை
பாதி அங்கேதான் போனது.
அதனால் ஒரே ஒரு பக்கம், இரண்டு பொத்தான்.
சிவப்பு: மூடியிருக்கு.
பச்சை: திறந்திருக்கு.
நிற்கிறவர் யாரும் அழுத்தலாம்,
பேர் கேட்காது, பாஸ்வேர்டு கேட்காது.

"எட்டிப் பார்த்தா தெரியப்போவுது,
இதுக்கு நெட்டு வேற" என்றான் டில்லி.

ஒருவர் மட்டும் அழுத்துகிறார்.
விடிகாலை நாலு இருபது, நாலு இருபத்தைந்து.
ஞாயிறென்றால் மூன்றே முக்கால்.
காசிமேட்டுக்குக் கூடையோடு போகிறவரா,
பால் வண்டியா,
ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவரா.
கண்டுபிடிக்க இரண்டு வரி கோடு போதும்.
எழுதவில்லை.

கல்லூரிக் கண்காட்சியில்
கம்பெனிக்காரர் குனிந்து பார்த்தார்.
"எத்தனை யூசர்?"
பக்கத்து மேசைக்காரன் பத்தாயிரம் என்றிருந்தான்,
அவனுடையது முடிந்ததே முந்தின நாள் ராத்திரி.
"ஒருத்தர் சார்."
"டெஸ்டிங்குக்கா?"
"இல்ல சார். காலைல நாலு இருபதுக்கு."
தலையாட்டிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.
தட்டில் வைத்த சமோசாவை நானே தின்றேன்.

முப்பத்தி இரண்டு பி பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான்
உறைத்தது.
கேட்டில் நிற்கிறவருக்கு
கேட் மூடியிருப்பது தெரியுமே.
தனக்காக எதற்கு அழுத்துவார்?
பின்னால் வருகிறவருக்கு.
பின்னால் யாரும் பார்ப்பதில்லை என்பது
எனக்குத் தெரியும்.
அவருக்குத் தெரியாது.

மூன்றாவதைப் போட்டேன்.
பெயருக்குக் கீழே உள்ள இடம்
இன்னும் காலிதான்.

இன்று அலாரம் வைத்து எழுந்தேன்.
அம்மா புரண்டு படுத்தாள்,
போர்வைக்குள் ஃபோனை மறைத்துக்கொண்டேன்.
நாலு இருபத்திரண்டுக்குச் சிவப்பு.
மூடியிருக்கு.
தூரத்தில் இன்ஜின் ஒருமுறை கூவியது.
எனக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை.
சரி என்று
பச்சை வரும்வரை காத்திருந்தேன்.