நான்காம் நிமிடம், பதினேழாம் நொடி

செங்காங், பன்னிரண்டாம் மாடி.
செருப்போடு சேர்த்து முனைவர் பட்டத்தையும்
வாசலில் விட்டுத்தான் உள்ளே போனேன்
என்று நினைத்திருந்தேன்.

பத்துக் கேள்வித் தாளைப் பார்த்து
"ஓ லெவல் தமிழ் மாதிரியே இருக்கு" என்றாள் துர்காஷினி.
சிரிக்கவில்லை.
ஒன்பதுக்கு விடை குறித்தாள்.
பத்தாவதில் பேனாவை மூடிவைத்தாள்.
வாய்விட்டுக் கேட்டேன்.
"இப்போதைக்கு இல்ல."

பிள்ளைக்கு ஏழு வாரம்.
பவுன்சரில் கிடந்து அம்மா முகத்தைத் தேடியது.
அவளோ எதிர் புளோக்கில்
மூங்கில் கழியில் காயும் சட்டைகளை
எண்ணிக்கொண்டிருந்தாள்.
'முகத்தில் அசைவில்லை, மறுமொழி இல்லை'
என் அழகான கையெழுத்தில்.

வெள்ளிக்கிழமை டாக்டர் நூருல்ஹுதா
காணொளியை அங்கே நிறுத்தினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி ஓட்டினார். மறுபடி.
மூன்றாம் முறைதான் கண்ணில் பட்டது:
திரையின் அடி ஓரத்தில்
அவள் கால் பெருவிரல்
பவுன்சரை ஆட்டிக்கொண்டிருந்தது.
படம் முழுக்க.
ஒரு முறைகூட நிற்கவில்லை.

குறிப்பில் பாதி வரியை அடித்தேன்.
அந்த 'இப்போதைக்கு' மட்டும் அப்படியே இருக்கிறது.

நாளை சனி, கிளினிக் இல்லை.
பத்து மணிக்கு அழைக்கிறேன் என்று
செய்தி அனுப்பினேன்.
நள்ளிரவு தாண்டிப் பதில் வந்தது:
"எடுக்கலன்னா மறுபடி போடுங்க."