சல்லி

சல்லி வந்தாத்தான் சல்லி வரும்
எண்டு எழுது புள்ள, என்றார் ஆதம்லெவ்வை.
நிந்தவூரில் யாருக்கும் விளங்கும்:
காசு வந்தால் லொறி வரும்,
லொறியில் இறக்காமத்துப் பக்கம் மலை உடைத்த
முக்கால் இஞ்சித் துண்டுகள் வரும்.
கடிதம் போவதோ
கிளினிக் கட்டக் காசு தரும் தூரதேசத்துக்கு.
அங்கே ஆங்கிலம்.

மெட்டல் என்று எழுதினேன்.
பொறியியலாளர் கந்தோரில் அப்படித்தான்,
றோட்டுப் போடுகிறவர்களும் அப்படித்தான்.
வெள்ளைக்காரன் இங்கே விட்டுப்போன சொல்.
தன் ஊரில் அதைத் தொலைத்துவிட்டான் போல.

பதினொரு நாள் கழித்துப் பதில்:
என்ன உலோகம்? இரும்பா, அலுமினியமா?
தயவுசெய்து கொங்கிறீற்றாக விளக்குங்கள்.

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்.
தெளிவுக்கு அவர்களிடம் அப்படியும் ஒரு பெயராம்,
அகராதி சொன்னது.
எங்களுக்கு அது
ஒரு பங்கு சீமெந்து, இரண்டு மணல், நாலு சல்லி.
அந்த நாலும்தான் இல்லை ஐயா,
அதைத்தான் கேட்கிறோம்.

அப்படி எழுதவில்லை.
நொறுக்கிய கருங்கல், பருமட்டான அக்ரிகேட்,
பெயரளவு இருபது மில்லிமீற்றர் என்று எழுதினேன்.
மூன்றெழுத்துச் சல்லி
ஒன்றரை வரிக்கு நீண்டு
கோட்டுப் போட்டு நின்றது.
வாசித்துக் காட்டினேன்.
இவ்வளவு பெரிய சொல்லா,
அப்ப கூடச் சல்லி தருவானா? என்றார் ஆதம்லெவ்வை.

'குறித்துக்கொண்டோம்' என்று ஒரு சொல் வந்தது.
பிறகு மாரி வந்தது.

ஸ்டோர்த் தகரத்தின் பொத்தல்களை
மழை ஒன்றுவிடாமல் கண்டுபிடித்தது.
நாற்பத்திரண்டு பேக் சீமெந்து
மணலும் சேராமல் சல்லியும் சேராமல்
தானாகத் தண்ணி குடித்து
கடதாசிச் சட்டையோடு இறுகிப்போனது.

இதை எந்தப் பெயரில் போடுவது?
சீமெந்து என்றால் தூள்.
கொங்கிறீற்று என்றால் சல்லி வேண்டும்.
கல் என்றால் மலையில் பிறந்திருக்க வேண்டும்.
மதிப்பீட்டில் ஒரு கட்டம் உண்டு,
விரயம், நூற்றுக்கு இரண்டு.
அதற்குள் நாற்பத்திரண்டு அடங்காது.
வெள்ளிக்கிழமை முழுக்க
பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

மேசன் அழகுத்துரைக்கு இந்தத் தலையிடி இல்லை.
ஒவ்வொன்றாய்ப் புரட்டிக்கொண்டுபோய்
படலையிலிருந்து
சேற்றில் ஒரு காலடிக்கு ஒன்றாய் இறக்கினான்.

கிளினிக் இன்னும் தகரக் கொட்டிலில்தான்.
வியாழன்தோறும் கர்ப்பிணிகள் வருகிறார்கள்,
ஒரு கையில் குடை,
மறு கையில் கார்ட்டும் தூக்கிப் பிடித்த அபாயாவும்,
பேக்குக்குப் பேக் கால்மாற்றி.

நேற்று ஒருத்தி
பாதி வழியில் நின்று குனிந்தாள்.
எட்டு மாதம் இருக்கும்.
காலடியில் உரியாமல் ஒட்டியிருந்த கடதாசியை
எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
ஐம்பது கிலோ.
ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.

பிழையில்லாத ஆங்கிலம்.